ஆண்டு எந்த வாசலில் நுழைகிறது?

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. அன்று பிறந்த குழந்தைக்கு ஆண்டு விலங்கு எது என்று ஆசியாவெங்கும் கேட்டுப் பார்த்தால், ஊருக்கு ஊர் விடை மாறும். ஜப்பானில் டிராகன் என்பார்கள். அங்கே ஜனவரி 1 அன்றே ஆண்டு பிறந்துவிட்டது. சீனக் குடும்பத்துப் பாட்டி முயல் என்பார். சந்திரப் புத்தாண்டுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதே தெருவில் ஜாதகம் கணிக்கும் சீனச் சோதிடர் பாட்டியை மறுத்து டிராகன்தான் என்பார். ஹனோயில் பூனை. கம்போடியாவின் புனோம் பென்னில் ஏப்ரல் நடுப்பகுதி வரை முயல். யாங்கோனிலோ ஆண்டையே கேட்க மாட்டார்கள். கிழமையைக் கேட்பார்கள், செவ்வாய் என்றதும் சிங்கம் என்பார்கள்.

எல்லாமே அவரவர் கணக்குப்படி சரியான விடைகள். சீன ராசி என்றதும் நாட்காட்டி அட்டையில் அச்சாகும் பன்னிரண்டு விலங்குகள்தாம் கண்முன் வருகின்றன. ஆனால் ஒரு மரபை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆண்டு எந்த நாளில், எந்த நொடியில் புரள்கிறது என்ற கணக்கு. ஒரு சோதிடர் கற்றவரா, வெறும் படம் காட்டுபவரா என்பதையும் அந்த இடத்தில் உரசிப் பார்க்கலாம்.

சீனாவில் விலங்குகளுக்கு முன்பே எண்ணிக்கை வந்துவிட்டது. பத்து வானத் தண்டுகள், பன்னிரண்டு நிலக் கிளைகள் என்று இரண்டு வரிசைகள். இரண்டும் இணையாகச் சுழன்றால் அறுபதாவது அடியில் ஒரு சுற்று முடியும். ஷாங் அரசர்கள் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படித்தான் நாள் எண்ணினார்கள். அவர்கள் குறி கேட்ட ஆமையோடுகளிலும் மாட்டெலும்புகளிலும் அது கீறப்பட்டிருக்கிறது. கிளைகளுக்கு விலங்குப் பெயர் ஏறியது வெகு காலம் கழித்து.

அதற்கு ஒரு பழைய சாட்சி 1975-இல் ஹூபே மாகாணத்தின் ஷுயிஹுதியில் கிடைத்தது. கி.மு. 217 வாக்கில் புதைக்கப்பட்ட சட்ட அலுவலர் ஒருவரின் கல்லறையில் கட்டுக்கட்டாக மூங்கில் சுவடிகள் இருந்தன. அவற்றில் நாள் பார்க்கும் நூலும் ஒன்று. அதில் விலங்குகள் வருவது பிறந்தவரின் குணத்தைச் சொல்ல அல்ல, திருடனைப் பிடிக்க! எந்த நாளில் களவு போயிற்றோ, அந்த நாளின் விலங்கைக் கொண்டு திருடனின் அங்க அடையாளம் சொல்லப்படுகிறது. எலி நாளின் திருடனுக்குக் கூரிய வாய், அடர்த்தியில்லாத மீசை. இன்று குதிரை நிற்கும் இடத்தில் அந்தச் சுவடியில் மான் நிற்கிறது. ஆடு நிற்கும் இடத்தில் குதிரை. பட்டியல் இன்னும் உறையவில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் எழுதிய லுன்ஹெங் என்ற நூலில் இன்றைய விலங்குகள் எல்லாம் வந்துவிடுகின்றன. அவர் அவற்றைப் பேசியது மறுப்பதற்காக. எலி நீர், குதிரை நெருப்பு. நீர் நெருப்பை வெல்லும் என்றால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்று கேட்டார். மரபு உருவாகும்போதே அதைக் கேள்வி கேட்டவரும் அருகிலேயே இருந்தார் என்பது சீன அறிவுலகத்தின் பெருமை.

பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றின் தண்டு கிளைகளைக் கொண்டு பலன் சொல்லும் முறையைத் தாங் அரசுக் காலத்து லி சூஜோங்குடன் இணைத்துச் சொல்வார்கள். சோங் காலத்தில் சூ ஸிபிங்கின் பெயரால் வழங்கும் முறை பிறந்த நேரத்தையும் சேர்த்து நான்கு தூண்களாக்கியது. ஆண்டின் இடத்தில் நாளின் தண்டை நடுவில் வைத்தது. தூணுக்கு இரண்டாக மொத்தம் எட்டு எழுத்துகள். அதாவது, ஊரே பேசும் ஆண்டு விலங்கு அந்த எட்டில் ஒன்றே ஒன்று. அதை மட்டும் வைத்து வாழ்க்கையைச் சொல்வது, லக்னமும் நட்சத்திரமும் பாராமல் பிறந்த தமிழ் மாதத்தை மட்டும் கேட்டு ஜாதகம் எழுதுவதற்குச் சமம்.

இந்தப் பள்ளியில் ஆண்டு புரள்வது சந்திரப் புத்தாண்டில் அல்ல. சூரியன் 315 பாகையைத் தொடும் லீச்சுன் நொடியில், பிப்ரவரி 4-ஐ ஒட்டி. பாட்டியும் சோதிடரும் மாறுபட்டது இதனால்தான். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்று வழக்காடும் வீடுகளுக்கு இது புரியாத சங்கதி இல்லை. கொரியாவில் இதே நான்கு தூண்கள் ‘சாஜு’ ஆகி, திருமணப் பொருத்தம் பார்ப்பதற்கும் பயன்படுகின்றன.

வியட்நாமில் முயலின் இடத்தில் பூனை வந்ததற்கு ஒலியைக் காரணம் காட்டுவார்கள். அந்தக் கிளையின் பெயரும் பூனையைக் குறிக்கும் சொல்லும் அங்கே நெருங்கி ஒலிக்கின்றன. எருதும் அங்கே சேற்று வயலின் எருமையாகிவிட்டது.

ஜப்பான் 1873-இல் மேலைநாட்டு நாட்காட்டிக்கு மாறியபோது விலங்குகளையும் ஜனவரி 1-க்கு நகர்த்திக்கொண்டது. ஆனால் ஒரு பழைய அச்சம் நகரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்பது அங்குள்ள நம்பிக்கை. காதலனைக் காணும் ஆசையில் தீ வைத்ததாகச் சொல்லப்பட்டு, 1683-இல் எடோவில் கொல்லப்பட்ட காய்கறிக் கடைக்காரர் மகள் ஓஷிச்சி நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்ற கதை அச்சத்தை ஊட்டி வளர்த்தது. 1965-இல் ஜப்பானில் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை ஆண்டான 1966-இல் அது 13.6 லட்சமாக விழுந்தது, 1967-இல் 19.4 லட்சமாக எழுந்தது. அதற்கு முந்தைய நெருப்புக் குதிரை ஆண்டான 1906-இல் மகளின் பிறந்தநாளை அக்கம்பக்கத்து ஆண்டுக்கு மாற்றிப் பதிந்த பெற்றோரும் உண்டு. இவ்வளவுக்கும், இந்த விலங்கு வரிசை பிறந்த சீனாவில் நெருப்புக் குதிரைப் பெண்ணுக்கு இப்படியொரு பழி கிடையாது. நூலில் வேரில்லாத ஒரு சொல் எத்தனை பெண்களின் திருமணப் பேச்சை முறித்திருக்கும்! மூல நட்சத்திரப் பெண்ணைப் பற்றிய வழக்குச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். 2026 மறுபடி நெருப்புக் குதிரை ஆண்டு.

சீனாவுக்கு வடக்கேயும் மேற்கேயும் விலங்குகள் வெகுதூரம் போயின. மங்கோலியாவில் உள்ள 8-ஆம் நூற்றாண்டுத் துருக்கியக் கல்வெட்டுகள் ஆண்டைக் குரங்கு, ஆடு என்றே குறிக்கின்றன. ஈரான் தன் அரசாங்கக் கணக்கிலிருந்து விலங்கு ஆண்டுகளை நீக்கியது 1925-இல்.

தமிழர் நின்று பார்க்க வேண்டிய இடம் திபெத். அங்கே சோதிடம் இரண்டு ஆறுகளின் கூடல். கோள், நட்சத்திரக் கணிதம் இந்தியாவிலிருந்து, காலசக்கர தந்திரத்தின் வழியே வந்தது. விலங்குகளும் ஐம்பூதக் கணக்கும் சீனத்திலிருந்து வந்தவை. அறுபதாண்டுச் சுற்றைத் திபெத்தியர் ‘ரப்ஜுங்’ என்பார்கள். அது பிரபவ என்ற வடசொல்லின் மொழிபெயர்ப்பு. ஆம், நம் அறுபதாண்டு வரிசையின் தலையில் நிற்கும் அதே பிரபவ. முதல் ரப்ஜுங் 1027-இல் தொடங்கியது. 17-ஆவது ரப்ஜுங் 1987-இல். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் கடைசியாகப் பிரபவ பிறந்ததும் 1987 சித்திரையில்தான். சீனரின் அறுபதோ 1984-இல் மர எலியில் தொடங்கிவிட்டது. திபெத்தியர் சீன விலங்கை ஏற்றார்கள். தொடக்கத்தை மட்டும் இந்தியக் கணக்கில் வைத்தார்கள். அதனால் அவர்கள் சுற்றுக்குத் தலைமகன் எலி அல்ல, நெருப்பு முயல். 1961-இல் தரம்சாலாவில் மறுபடி நிறுவப்பட்ட மென்-ட்ஸீ-காங் என்ற திபெத்தியக் கல்விக்கூடம் மருத்துவத்தையும் சோதிடத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கிறது. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிடுகிறது. ஒரு மரபின் தரம் காக்கப்படுவது இத்தகைய இடங்களில்தான்.

அறுபது நிறைந்தவரைக் கொண்டாடுவதிலும் உறவு தெரிகிறது. நாம் சஷ்டியப்த பூர்த்தி செய்து வைக்கிறோம். ஜப்பானியர் சிவப்புத் தொப்பியும் சிவப்பு மேலாடையும் அணிவித்து, சுற்று முடித்தவரை மறுபடி குழந்தையாக்குகிறார்கள்.

நட்சத்திரங்களும் கிழக்கே பயணம் போயின. சாங்ஆன் நகரில் வாழ்ந்த இந்தியக் குடிவழியினரான கௌதம சித்தர் 718-இல் நவக்கிரகக் கணிதத்தைச் சீன மொழிக்குக் கொண்டுவந்தார். பௌத்த குரு அமோகவஜ்ரர் 759-இல் தந்த நட்சத்திர நூலை ஜப்பானியத் துறவி கூகாய் 806-இல் தாய்நாட்டுக்கு எடுத்துச் சென்றார். சீனர் விண்மீன் மனைகளை 28 என்று எண்ணுபவர்கள். ஆனால் ஜப்பானில் இந்நூல் வழி வளர்ந்த ‘சுக்குயோ’ சோதிடத்தில் நம்மைப் போல 27.

கம்போடியாவில் விலங்கு சீனத்தது, வாசல் இந்தியத்தது. சூரியன் மேஷத்தில் நுழையும் ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி விலங்கு மாறுகிறது. தாய்லாந்தில் டிராகனுக்குப் பதில் நாகம். வடக்கே லன்னாவில் பன்றி இருக்க வேண்டிய இடத்தில் யானை நிற்கிறது.

அந்த லன்னா மக்கள் விலங்கைப் பலன் சொல்வதோடு விடவில்லை. ஒவ்வோர் ஆண்டில் பிறந்தவருக்கும் ஒரு தாது கோபுரத்தை வகுத்து, வாழ்நாளில் ஒருமுறையாவது அங்கே போய் வணங்கச் சொன்னார்கள். எருது ஆண்டினருக்கு லாம்பாங் லுவாங். ஆட்டு ஆண்டினருக்கு சியாங் மாய் மலைமேல் உள்ள தோய் சுதேப். குதிரை ஆண்டினர் எல்லை தாண்டி யாங்கோனின் ஷ்வேதகோனுக்குப் போக வேண்டும், பாம்பு ஆண்டினர் புத்த கயைக்கு. அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்காக சியாங் மாயிலேயே, மகாபோதிக் கோயிலின் சாயலில் எழுந்த வாட் செத் யோத் இருக்கிறது. நாய் ஆண்டினரின் கோபுரம் மண்ணிலேயே இல்லை. புத்தரின் கேசம் வைக்கப்பட்ட சூளாமணி அது, முப்பத்து மூவர் உலகத்தில் இருக்கிறது. அவர்கள் பிங் ஆற்றங்கரையில் உள்ள வாட் கேத் கோயிலுக்கு வந்து, அங்குள்ள கோபுரத்தையே சூளாமணியாக எண்ணி விளக்கேற்றுகிறார்கள்.