அச்சு மிஞ்சாத நடராஜர்

ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜர் நாலடிக்கும் மேல் உயரம். அத்தனை கனமும் முயலகன் மேல் ஊன்றிய ஒற்றைக் காலில் இறங்குகிறது. இடுப்பிலோ துளி இறுக்கம் இல்லை. மெழுகில் பிடித்த உருவத்தின் மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் வார்ப்பார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு மிஞ்சாது. அதனால் ஒரு வார்ப்பைப் போல இன்னொன்று அச்சு அசலாகப் பிறப்பதே இல்லை.

தனி அடையாளம் என்ற இந்தப் பாக்கியம் வைரத்துக்குக் கிடையாது. சியரா லியோனிலும் அங்கோலாவிலும் துப்பாக்கி வாங்க விற்கப்பட்ட கற்கள், பட்டை தீட்டியபின் எந்த மண்ணில் எடுத்தவை என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவேதான் கல் எங்கிருந்து வந்தது என்று சான்றளிக்கும் கிம்பர்லி முறை 2003இல் வந்தது. அங்கே காகிதம்தான் சாட்சி.

இந்த நடராஜருக்கும் காகிதம் செய்தார்கள். அரியலூர்ப் பகுதி பெரம்பலூர் மாவட்டத்தோடு இருந்த 2006இல், ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலிலிருந்து திருடப்பட்டார். சூடான் தூதரக அதிகாரி குடும்பம் ஒன்று 1970இல் டெல்லியில் வாங்கியதாகப் பொய்ப் பத்திரம் எழுந்தது. பழம்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை பிறந்த ஆண்டு அது. தேதியைத் தெரிந்தே பொறுக்கியிருக்கிறார்கள். நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றார். பத்திரத்தைப் பொய்யாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் எடுத்துவைத்த புகைப்படம். படத்தில் இருந்ததும் கலைக்கூடத்தில் இருந்ததும் ஒரே வார்ப்பு. அச்சை உடைக்கும் தொழில்நுட்பமே அடையாளமும் சொன்னது!

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. மொசாம்பிக் சிற்பி கெஸ்டர், உள்நாட்டுப் போரில் சுட்ட துப்பாக்கிகளையே இணைத்து 2001இல் ஒரு சிம்மாசனம் செய்தார். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. உலோகம் எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் முன்னே வைப்பதே அதன் அழகு. சோழ வார்ப்பையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். வந்த வழியை விசாரிக்காமல் வளைவை மட்டும் மெச்சுவதை ரசனை என்று ஒப்பமாட்டேன்.

2014 செப்டம்பரில் சிலை நாடு திரும்பி, வழக்குப் பொருளாகக் கும்பகோணம் காப்பகத்துக்குப் போனது. ஆனால் இது உற்சவத் திருமேனி. ஸ்தபதி மனத்தில் வைத்துச் செய்தது, திருவாதிரையன்று ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளில் ஏறி வீதியில் அசையும் கூத்தனை. இரும்புக் கதவும் இரவுக் காவலும் போட்டாவது ஸ்ரீபுரந்தானிலேயே வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.