ஆயுதமின்றிக் கூடும் உரிமை: சென்னை வரலாற்றின் வழி ஒரு மறுவாசிப்பு

அமெரிக்கப் பள்ளியொன்றில் துப்பாக்கிச்சூடு நிகழும்போதெல்லாம் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. அங்குள்ளது வன்முறைப் பண்பாடு, இங்குள்ளது அகிம்சைப் பண்பாடு. ஆகவே அங்கே துப்பாக்கி உரிமையாயிற்று, இங்கே ஆகவில்லை என்பதே அவ்வாய்பாடு. 1791-இன் இரண்டாம் திருத்தம் சுட்டப்படும். வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என 2008-இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பும் குறிக்கப்படும். பின்னர்க் காந்தியடிகளின் பெயரோடு கட்டுரை நிறைவுறும். இவ்வாசிப்பு சென்னை நகரின் வரலாற்றுக்கே பொருந்தி வரவில்லை.

1887 டிசம்பரில் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மக்கீஸ் தோட்டத்தில், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில், காங்கிரசின் மூன்றாம் மாநாடு கூடியது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது அங்கு நிறைவேறிய தீர்மானங்களுள் ஒன்று. பிபின் சந்திர பால் அச்சட்டத்தை எதிர்த்துப் பேசியதும் அம்மாநாட்டிலேதான். இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிய அரசு, ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்களித்திருந்தது. எனவே அன்றைய கோரிக்கையின் உள்ளீடு துப்பாக்கி அன்று; ஆள்வோரின் ஐயத்துக்கு இலக்கான ஓர் இனத்தின் தன்மானமே ஆகும். காந்தியடிகளும் ஒரு நாட்டையே ஆயுதமற்றதாக்கிய இச்சட்டத்தைப் பிரித்தானிய ஆட்சியின் மிகக் கொடிய செயல்களுள் வைத்தெண்ணினார். 1931-இல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை வெளிப்படையாகவே இடம்பெற்றது. அகிம்சை இயக்கமே அவ்வுரிமையைக் கோரிற்று என்னும்போது, பண்பாட்டு விளக்கத்தின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது.

திருப்பம் நிகழ்ந்த இடம் அரசியல் நிர்ணய சபை. 1948 டிசம்பர்த் தொடக்கத்தில் எச்.வி.காமத் இவ்வுரிமையைச் சேர்க்கக் கோரித் திருத்தம் கொணர்ந்தார். எவரும் சந்தைக்குச் சென்று தாக்குதற் கருவிகளை வாங்கலாம் என்றால் அரசு நிருவாகத்தை எங்ஙனம் நடத்துவது என அம்பேத்கர் வினவினார். ஆயுதம் தாங்கும் உரிமையைவிட, நாட்டைக் காக்க அதனைத் தாங்கும் கடமையே வலியுறுத்தப்பட வேண்டும் என்றார். திருத்தம் தோற்றது. பிரிவினைக் கலவரங்களும் அவ்வாண்டு ஜனவரி 30-இல் நிகழ்ந்த காந்தி படுகொலையும் சபையினர் நெஞ்சில் ஆறாதிருந்த காலம் அது. அந்நிய அரசு நீங்கியபின், தன்மானம் பற்றிய பழைய வாதத்துக்கு எதிர்த்தரப்பும் இல்லாது போயிற்று. உறுப்பு 19(1)(ஆ) குடிமக்களுக்கு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை அளித்தது. ஆயுதம் உரிமையின் பொருளாகாமல், உரிமைக்கான நிபந்தனையாக மாறியது. (உறுப்பு 25-இன் விளக்கம் சீக்கியரின் கிர்பானைச் சமய உரிமைக்குள் அடக்குவது தனிச்செய்தி.) காலனிய விலக்குகள் முற்றும் மறைந்துவிடவும் இல்லை. அண்டையிலுள்ள குடகர்களுக்கு உரிமத்திலிருந்து அளிக்கப்பட்ட விலக்கு இன்றும் தொடர்வது அதற்குச் சான்று.

இம்மாற்றம் தமிழ்ப் பொதுமனத்தில் எவ்வளவு ஆழமாகப் படிந்தது என்பதை 1967 ஜனவரி 12-ஆம் நாள் நிகழ்ச்சி காட்டுகிறது. இராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். கழுத்துக் கட்டோடு கூடிய எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாயிற்று. மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். இந்நிகழ்ச்சி நட்பு, பகை, தேர்தல் ஆகிய கோணங்களில் ஓயாது பேசப்படுகிறது. ஒரு நடிகரின் கையில் துப்பாக்கி எங்ஙனம் வந்தது, யார் அதனை வைத்திருக்கத் தகுதியுடையவர் என்ற வினாக்கள் அந்நினைவில் இடம்பெறுவதே அரிது. அமெரிக்காவில் கென்னடி கொலையை அடுத்த ஆண்டுகளில் எழுந்த விவாதம் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் சென்று முடிந்தது. அதனோடு ஒப்பிடுகையில் இவ்வமைதி நோக்கத்தக்கது. உரிமையாக எண்ணப்படாத பொருளைப் பறிப்பதா, காப்பதா என்ற வழக்கு எழ இடமில்லை.

ஆயினும், பண்பாட்டு விளக்கத்தின் பெரிய குறை வேறோர் இடத்தில் உள்ளது. குடிமகன் கையிலுள்ள ஆயுதத்தை மட்டும் நோக்கும் அது, அரசின் கையிலுள்ளதை மறந்துவிடுகிறது. குடிமகன் ஆயுதமின்றிக் கூடவேண்டும் என்பதில் ஓர் உடன்படிக்கை உள்ளுறைந்துள்ளது: அவ்வாறு கூடியவன்மீது அரசு தன் ஆயுதத்தை எளிதில் திருப்பலாகாது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஏறத்தாழ ஒரு வாரம் திரண்ட கூட்டம், உறுப்பு 19(1)(ஆ)-வின் வாழும் உரை எனத்தக்கது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் குடியிருப்புகளிலிருந்து நடந்தே வந்தவர்களும் உணவு சமைத்துக் கொணர்ந்தவர்களும் அதில் இருந்தனர். ஜனவரி 23-ஆம் நாள் காவல்துறை நடவடிக்கையோடும் வன்முறையோடும் அது முடிந்தது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அச்சூட்டைக் கடுமையாகக் குறைகூறிற்று.

ஹெல்லர் வழக்கைத் தமிழில் விளக்குவோர் பலர். அமெரிக்க நீதிமன்றம் எழுப்பிய வினா அந்நாட்டுக்குரியது. சென்னையில் வழக்காக எழுந்தது, ஆயுதமற்றவர் கூடுவதற்குரிய இடம் எது என்பதாகும். மெரினா நிகழ்ச்சிக்குப் பின்னர் அக்கடற்கரையில் போராட்டங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டு வந்தது. காவிரிச் சிக்கலுக்காக அங்கு உண்ணாநோன்பிருக்க அய்யாக்கண்ணு தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி ஒரு நாளுக்கு இசைவளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது, அவ்விசைவு நிலைக்கவில்லை.