மனோவசியமும் கதாசிரியர்களும்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சிறுகதை ஒன்றில் மனோவசியக்காரன் ஒருவன் வருகிறான். கண்களில் காந்தம், குரலில் அதிகாரம். அவன் 'தூங்கு' என்றால் கதாநாயகி தூங்குவாள். 'கையெழுத்துப் போடு' என்றால் சொத்தையே எழுதிக் கொடுப்பாள். கதை நன்றாயிருந்ததாகப் பலர் சொன்னார்கள். ஒரு வாசகி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்.

அவருடைய கணவரால் சிகரெட்டை விட முடியவில்லை. ஹிப்னாடிச முறையையும் முயன்று பார்க்கலாம் என்று ஒரு மனநல மருத்துவர் சொல்ல, அவரும் சம்மதித்திருந்தார். என் கதையைப் படித்தபின், "என் புத்தியை இன்னொருத்தன் கையில் கொடுக்க மாட்டேன்" என்று மறுத்துவிட்டாராம். "உங்கள் கதையில் வருவது நிஜமா?" என்று கேட்டிருந்தார் அந்த அம்மாள்.

பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், அந்த மனோவசியக்காரனை எங்கிருந்து பிடித்தேன் என்று யோசித்தேன். சந்தேகமே இல்லை, ஜார்ஜ் தூ மோரியே 1894-இல் எழுதிய 'டிரில்பி' நாவலிலிருந்துதான். அதில் ஸ்வெங்காலி என்ற சங்கீதக்காரன், டிரில்பி என்ற பெண்ணின் கண்வலியை முதலில் மனோவசியத்தால் போக்குகிறான். பிறகு சுருதியே அறியாத அவளை உலகம் புகழும் பாடகியாக்குகிறான். அவன் செத்ததும் அவள் பாட்டும் போய்விடுகிறது. அதாவது, சிகிச்சை என்பது திருடன் உள்ளே நுழையும் கதவு.

நூறு வருஷங்களுக்கு மேல் கழிந்தும் இந்தக் கதவு மூடவில்லை. 2017-இல் வெளிவந்த ஜோர்டான் பீலின் 'கெட் அவுட்' படத்தில், காதலியின் தாயாரான மனநல மருத்துவர், கறுப்பின இளைஞனின் சிகரெட் பழக்கத்தைப் போக்குவதாகச் சொல்லித் தேநீர்க் கோப்பையில் கரண்டியைச் சுழற்றுகிறாள். அவன் தன் உடம்புக்குள்ளேயே கைதியாகிறான். நிற ஆதிக்கத்தைக் காட்ட அது அபாரமான உருவகம். ஆனால் உருவகத்தை வைத்திய சாஸ்திரமாக எடுத்துக்கொண்டால், என் வாசகியின் கணவர் கதிதான்.

மருத்துவரின் அறையில் நடப்பது என்ன? நோயாளி உடம்பைத் தளர்த்தி, ஒரே விஷயத்தில் கவனத்தைக் குவிக்கிறார். மருத்துவர் சில யோசனைகளைச் சொல்கிறார். நோயாளிக்கு அவை காதில் விழுகின்றன. பிடிக்காததை மறுக்கவும் முடியும். இந்த நிலைக்குச் சிலர் எளிதில் போவார்கள். சிலர் போகவே மாட்டார்கள்.

இதை மந்திரக்கோலாக நினைப்பதும் பிசகுதான். புகைப்பதை நிறுத்த ஹிப்னாடிசத்தைக் கையாண்ட 14 ஆய்வுகளைக் காக்ரேன் என்ற அமைப்பு 2019-இல் பரிசீலித்தது. மற்ற உதவி முறைகளைவிட இது மேலானது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. 'ஒரே நாளில் குடியை மறக்கடிப்போம்' என்று விளம்பரம் செய்பவரும் என் கதையின் வில்லனும் ஒரே ஜாதி. இருவருக்கும் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனின் விருப்பம் தேவையில்லை.

ஸ்வெங்காலிக்கு நேர்மாறான நிஜக் கதை ஒன்று உண்டு. ரஷ்ய இசை மேதை ராஹ்மனினாவின் முதல் ஸிம்பனி 1897-இல் படுதோல்வி அடைந்தது. அதன்பின் பெரிதாக எதையும் இயற்ற முடியாமல் சோர்ந்து கிடந்தார். 1900-இல் நிக்கலாய் தால் என்ற மனோவசிய வைத்தியரிடம் சிகிச்சை பெற்றார். பிறகு பிறந்ததுதான் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ. அதைத் தாலுக்கே அர்ப்பணம் செய்தார். வைத்தியர் தைரியம் சொன்னார், சங்கீதம் ராஹ்மனினாவுடையது. டிரில்பியின் பாட்டு ஸ்வெங்காலியோடு போயிற்று. இவருடைய பாட்டு வைத்தியரை விட்டு வந்த பிறகும் இவரோடு இருந்தது.

கதாசிரியர்கள் ஏன் தாலை விட்டுவிட்டு ஸ்வெங்காலியையே பிடித்துக்கொள்கிறோம்? வில்லனைப் படைப்பது சுலபம். தன் ஆசையோடு தானே மல்லுக்கு நிற்கும் சாதாரண மனிதனைப் படைப்பது சிரமம். என் கதையில் நான் சுலபமானதைச் செய்தேன்.

அந்த அம்மாளுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "என் கதையில் வருவது நிஜமில்லை. உங்கள் கணவர் தாராளமாக மருத்துவரிடம் போகலாம். கட்டாயம் குணமாகும் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய புத்தி அவரிடமே இருக்கும். திரும்பி வரும் வழியில் வெற்றிலைபாக்குக் கடையைத் தாண்ட வேண்டியவரும் அவரேதான்."

அந்தக் கடையைத் தாண்டும் பத்தடி நடையைத்தான் நான் கதையாக எழுதியிருக்க வேண்டும்.