பெயர் வெட்டப்பட்ட படங்கள்

நவி மும்பை ஐரோலியில் எங்கள் செக்டருக்குப் பின்னால் ஒரு பங்கார் கடை இருக்கிறது. பழைய பேப்பர், பால் பாக்கெட், உடைந்த மிக்ஸி எல்லாம் எடைக்கு எடுப்பார்கள். போன மழைக்காலத்துக்கு முன் அங்கே ஒரு சாக்கு நிறைய விசிடி கிடந்தது. யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பக்திப் பாட்டு, எம்.ஜி.ஆர். படங்கள், விஜயகாந்த் படம் இரண்டு. அவற்றுக்கு நடுவே, உறை மஞ்சளித்துப்போன ஒரு மலையாள டப்பிங் படம்.

அட்டையில் நடிகை ஷகிலா சிரிக்கிறார். பின்பக்கம் அச்சடித்திருந்த கதைச்சுருக்கம் வேறு ஏதோ படத்துடையது. வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய பிளேயரில் போட்டேன். ஷகிலா அந்தப் படத்திலேயே இல்லை. திரையின் அடியில் வீடியோ கேசட்டின் கோடுகள் நெளிந்தன. தியேட்டர் பிரிண்டிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து விசிடி என்று கைமாறி வந்த படம் அது. ஒரு வீட்டு வாசலில், பாதி வசனத்தில் தொடங்கியது. டைட்டில் கிடையாது. யார் எடுத்தார்கள், யார் நடித்தார்கள், யார் கேமரா பிடித்தார்கள், எதுவும் இல்லை. ஒரு விசிடியில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் அடங்கும். இடம் போதாதபோது முதலில் கத்தரிக்கப்படுவது பெயர்கள். இந்த வகைக் கவர்ச்சிச் சினிமாவைப் பற்றிப் பேசும்போது நாம் ஆடை அளவைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அந்த வெட்டுப்பட்ட டைட்டில்தான் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

நான் தாராவியில் வளர்ந்தவன். எண்பதுகளின் கடைசியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் வீடியோ பார்லர்கள் இருந்தன. ஒரு டிவி, ஒரு விசிஆர், நாலைந்து மரப் பெஞ்சு, வாசலில் சாக்குப் படுதா. கையில் காசு இருந்தால் மாதுங்கா அரோராவில் புதுப்படம். இல்லையென்றால் அண்ணாச்சியின் பார்லர். பகலில் ரஜினி ஓடும். இரவு பத்து மணிக்கு மேல் சிலேட்டில் ‘மலையாளப் படம்’ என்று மட்டும் எழுதி வைப்பார்கள். படத்தின் பெயர் தேவைப்பட்டதில்லை. தோல் பட்டறையில் வேலை முடிந்து, பத்துப் பேர் படுக்கும் அறைக்குத் திரும்ப வேண்டிய ஆட்கள் உள்ளே போவார்கள். மனைவி திருநெல்வேலியில் இருப்பாள், வருடத்துக்கு ஒரு முறைதான் ஊர். அவர்களுக்குத் தனிமை என்று கிடைத்தது அந்த இருட்டு மட்டும்தான். அதைக் கேவலம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அதே நேரத்தில் குழாயடியில் கடைசிக் குடத்தை நிரப்பிக்கொண்டு எங்கள் அக்காமார் அந்தப் படுதாவைக் கடக்கும்போது தலையைக் குனிந்து ஓட்டமாகப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்து இரவு பத்துக்கு மேல் ஆண்களுடையதாகிவிடும். இரண்டும் ஒரே இருட்டின் இரண்டு பக்கம்.

‘மலையாளப் படம்’ என்ற சொல்லே ஒரு அநியாயம். 1978இல் ஐ.வி.சசி எடுத்த ‘அவளுடெ ராவுகள்’ படத்தைத் தமிழ்நாடு ‘அவளோட ராவுகள்’ என்று வாய்க்கு வசதியாக மாற்றிக்கொண்டது. தம்பியைப் படிக்கவைக்கப் போராடும் ஒரு பாலியல் தொழிலாளியின் கதை அது. சீமா நடித்தார். ஏ.டி.உம்மர் இசையில் எஸ்.ஜானகி பாடினார். அவளை இழிவாகப் பார்க்காத படம். நம்மிடம் வந்து சேர்ந்தது சீமாவின் சட்டை நனைந்த போஸ்டர் மட்டும். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ லண்டனில் விருது வாங்கிய அதே காலத்தில், தமிழ்நாட்டுச் சுவர்களில் மலையாளம் என்பது வயதுவந்தோருக்கான காலைக் காட்சிக்கு இன்னொரு பெயராக இருந்தது. இதில் வேடிக்கை பார்த்துவிட்டு விலகிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. அந்தப் படங்களில் பல கோடம்பாக்கத்து ஆட்களை வைத்து, கோடம்பாக்கத்திலேயே வேலை முடிந்தவை. ஷகிலாவே மலையாளி அல்ல, சென்னைக்காரர். திரையில் அவர் பேசும் மலையாளம் வேறொரு பெண்ணின் குரல். பழியை மட்டும் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டோம்.

சிறு முதல் தொழிலாக இதற்கு இருந்த பலத்தையும் மறைக்கக் கூடாது. 1988இல் பி.சந்திரகுமார் இயக்கிய ‘ஆதிபாபம்’ ஆதாம் ஏவாள் கதையைச் சாக்காக வைத்து எடுக்கப்பட்டது. அதன் தயாரிப்பாளர் ஆர்.பி.சௌத்ரி. அடுத்த ஆண்டு சில்க் ஸ்மிதா நடித்த ‘லயனம்’ படமும் அவருடையதுதான். 1990இல் அதே சௌத்ரி விக்ரமன் என்ற புது இயக்குநரை நம்பி ‘புது வசந்தம்’ எடுத்தார். தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்த படம். கௌரவமான சினிமா என்று நாம் கொண்டாடுவதன் வேரில் காலைக் காட்சிக் காசும் ஈரமாக இருந்திருக்கிறது. பத்தாண்டு கழித்து, மலையாளத்தில் பெரிய நட்சத்திரப் படங்கள் தடுமாறிய வேளையில், 2000இல் ஆர்.ஜே.பிரசாத் இயக்கிய ‘கின்னாரத்தும்பிகள்’ வந்தது. 12 லட்சத்தில் எடுத்து டப்பிங்குகளையும் சேர்த்து 4 கோடி வசூலித்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். மூடும் நிலையில் கிடந்த ஊர்ப்புறத் தியேட்டர்களுக்கு அந்த அலை மூச்சுக் கொடுத்தது என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் காசு யாருடைய உடம்பிலிருந்து வந்ததோ, அவர்களைக் கேட்காமலேயே வந்தது. ‘பிட்டு’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. தணிக்கைக்கு ஒரு படம் போகும், சான்றிதழ் வரும், பிறகு வேறெங்கோ எடுத்த துண்டை ஆப்பரேட்டர் நடுவில் சேர்ப்பார். சான்றிதழ் பெற்ற படத்தில் கைவைப்பது 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் காப்பாற்ற நினைத்தது பார்ப்பவரை. நடித்தவரை அல்ல. தான் நடிக்காத காட்சிகள், வேறு பெண்ணின் உடல், தன் முகத்தோடு ஒட்டப்பட்டதை ஷகிலா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த இன்னொரு பெண்ணுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. 1996 செப்டம்பரில் சில்க் ஸ்மிதா இறந்தார். ‘லயனம்’ 2002இல் ‘ரேஷ்மா கி ஜவானி’ என்ற பெயரில் இந்தியில் மறுபடி வந்து, கிராண்ட் ரோடு பக்கத்துத் தியேட்டர்களுக்கும் மனீஷ் மார்க்கெட் விசிடிக் கடைகளுக்கும் ஏற்ற சரக்கானது. இறந்து ஆறு வருடம் ஆன பெண்ணைத் தலைப்பில் வேறு பெயர் வைத்து விற்றார்கள்.

இதே தொழிலை இத்தாலி நமக்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. எழுபதுகளின் முற்பாதியில் அங்கே தியேட்டர்களில் வருடத்துக்கு 50 கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்றது. 1976இல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் தனியார் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு வழிவிட்டது. பத்தாண்டுக்குள் கூட்டம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. மிஞ்சிய சிறு தியேட்டர்களுக்கு, வீட்டு டிவி காட்ட முடியாததைக் காட்டுவது ஒரு பிழைப்பு. பிரான்சின் ‘எம்மானுவேல்’ 1974இல் வெற்றி பெற்றதும், வழக்கு வராமலிருக்க ஒரு ‘எம்’ எழுத்தைக் குறைத்து 1975இல் ‘எமனுவேல் நேரா’ எடுத்தார்கள். சுரபாயாவில் பிறந்த லாரா ஜெம்சர் கதாநாயகி. பிறகு அந்த வரிசையைக் கையிலெடுத்தவர் ஜோ டமாட்டோ. அவருடைய உண்மைப் பெயர் அரிஸ்தீதே மசாச்சேசி, முதல்தரமான ஒளிப்பதிவாளர். 1999இல் இறப்பதற்குள் இருநூறு படம் போல எடுத்துத் தள்ளியவர். கதை தேறாத படங்களிலும் வெளிச்சம் தேறியிருக்கும். நிகோ ஃபிதென்கோவின் இசை படத்தைவிட நன்றாக இருக்கும். அங்கும் வெளிநாட்டுப் பிரதிகளுக்கென்று வேறு உடல்களை வைத்து எடுத்த துண்டுகளைச் சேர்த்தார்கள். அங்கும் பெயர்களை மறைத்தார்கள். ஜெம்சர் ஒரு படத்தில் ‘எமனுவேல்’, இன்னொன்றில் ‘மொய்ரா சென்’. பிட்டு நமது கண்டுபிடிப்பு அல்ல.

வித்தியாசம் பிறகு நடந்ததில் இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு நிறுவனம் தன் பெயரையே ‘வினிகர் சிண்ட்ரோம்’ என்று வைத்துக்கொண்டது. அசிடேட் ஃபிலிம் காடி நெடியோடு அழுகுவதற்கு அந்தத் துறையில் உள்ள பெயர் அது. யாரும் தொட விரும்பாத பழைய வயதுவந்தோர் படங்களின் நெகட்டிவைத் தேடிச் சுத்தம் செய்து வட்டாக வெளியிடுவது அவர்கள் வேலைகளில் ஒன்று. செவரின் ஃபிலிம்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் 2023இல் ஜெம்சரின் அந்த ‘பிளாக் எமனுவேல்’ வரிசைப் படங்களை ஒரு பெரிய ப்ளூ-ரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. இந்த மாதிரி வெளியீடுகளில் எந்தப் பிரதி எந்த நாட்டில் ஓடியது, எந்தத் துண்டு பிறகு சேர்த்தது, புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று பொறுமையாகப் பிரித்துவைக்கிறார்கள். எடிட்டர், ஒப்பனைக்காரர் என்று வயதான ஆட்களைத் தேடிப்போய்ப் பேசவைக்கிறார்கள். என் பங்கார் கடை விசிடி வெட்டி எறிந்ததை அவர்கள் திரும்ப ஒட்டுகிறார்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்தப் பளபளப்புக்கு ஒரு ஆபத்து உண்டு. 1977இல் வந்த ‘எமனுவேல் இன் அமெரிக்கா’ படத்தில் பெண்களைச் சித்திரவதை செய்வதை நிஜக் கொலைப்படம் போலவே காட்டும் பகுதி வருகிறது. தேய்ந்த கேசட்டில் அது ஒரு மங்கலான அருவருப்பு. துலக்கிய வட்டின் துல்லியத்தில் அது ரசிக்கத் தகுந்த பொருளாகிவிடுகிறது. அட்டைப்பெட்டி, சிறு புத்தகம், எண்ணிட்ட பதிப்பு என்று வந்தவுடன் சேகரிப்பவருக்குக் கேள்வி கேட்கும் மனம் குறைகிறது. கேமராவுக்கு முன்னால் நின்ற பெண்கள் பேசுவது குறைவு. ஜெம்சர் பல வருடமாகப் பொதுவெளியிலிருந்து ஒதுங்கியே இருக்கிறார். அவர் மௌனத்தைச் சுற்றித்தான் அந்த விழா நடக்கிறது. பெயரைத் திருப்பிக் கொடுப்பதும் சம்மதம் கேட்பதும் ஒன்றல்ல.

நம் பக்கத்தில் முதல் படியே எடுத்துவைக்கப்படவில்லை. புனேயில் 1964இலிருந்து தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. இதே மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘தம்பு’ படத்தை மீட்டெடுத்தது. காலைக் காட்சிப் படங்களைத் தேடி யாரும் போனதாகத் தெரியவில்லை. கோடம்பாக்கத்து லேப்கள் டிஜிட்டல் வந்தபின் ஒவ்வொன்றாக மூடியபோது, உரிமையாளர் வந்து கேட்காத நெகட்டிவ்களுக்கு யார் பொறுப்பு? ‘அஞ்சரைக்குள்ள வண்டி’ மாதிரியான காலைக் காட்சிப் படத்துக்கு டிக்கெட் எடுத்ததாக ஒப்புக்கொள்ளவே தயங்கும் ஊரில், அதன் நெகட்டிவைக் கேட்டு யார் போவார்? தர்ஷனா ஸ்ரீதர் மினி இந்தத் தொழிலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு ஆய்வு நூலே எழுதி 2024இல் வந்துவிட்டது. தமிழில் நாம் இன்னும் கிசுகிசுவைத் தாண்டவில்லை. எனக்கு இந்தப் படங்கள் எல்லாம் துலக்கி வைக்கப்பட வேண்டும் என்ற ஆசை இல்லை. பல படங்கள் மோசமானவை. பெண்ணின் ஆசையைக் கதையாகத் தொடங்கிவிட்டு, கடைசி ரீலில் அவளுக்குத் தண்டனை கொடுத்து நல்லவர்களாக முடித்துக்கொள்கிறவை. ஆனால் மோசம் என்று சொல்வதற்கும் முழுப் படம் வேண்டும். பிட்டைப் பிரித்து, சான்றிதழ் வாங்கிய படம் எது என்று தனியாக வைக்க வேண்டும். உயிரோடிருக்கும் நடிகைகளைத் தேடிப்போய், வட்டு போடலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்தப் படத்தைக் காப்பகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஒரு காசு விற்பனைக்கும் போகக் கூடாது.

அந்த விசிடியை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு சமையலறைக் காட்சி. கதாநாயகி அடுப்பின் முன் குந்தியிருக்கிறார், ஊதுகுழலை எடுத்து ஊதுகிறார், புகை கண்ணில் பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு புறங்கையால் துடைக்கிறார். அது நடிப்பாகத் தெரியவில்லை. அடுப்பு ஊதிப் பழகிய கை. கேமராவும் அவசரப்படாமல் அப்படியே நிற்கிறது. அவர் யார் என்று தெரிந்துகொள்ள அட்டையை மறுபடி திருப்பினேன். அதில் ஷகிலா சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வட்டு சாக்கில் இருக்கிறதா என்று பார்க்க மறுநாள் கடைக்குப் போனேன். சாக்கு போய்விட்டிருந்தது.