இச்சையடக்கமா, தன்னடக்கமா?

கலாத்தியர் நிருபத்தில் ஆவியின் கனியை விரித்துரைக்கும் பட்டியலில் இறுதியாக நிற்கும் பண்பினை, 1871ஆம் ஆண்டில் நிறைவுற்ற பவர் ஐயரின் திருத்திய மொழிபெயர்ப்பு 'இச்சையடக்கம்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'தன்னடக்கம்' என்றது. மூலத்தில் உள்ள 'எங்க்ராத்தெயா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இவற்றுள் எது ஈடாகும்?

பிறன் மனைவியாயிருந்த துருசில்லாளுடன் வாழ்ந்த பேலிக்ஸின் முன்பு பவுல் பேசியதைக் குறிக்கையில் பழைய சொல் பொருந்துகிறது. ஆனால் 1 கொரிந்தியர் 9இல் பந்தயவீரன் எல்லாவற்றிலும் இப்பண்பைக் கைக்கொள்கிறான் என்கிறார். அவன் உணவு தீய இச்சையன்று. அதை அவன் அளந்து உண்கிறான், அவ்வளவே. புதிய சொல்லின் குறை வேறு. இன்றைய வழக்கில் தன்னடக்கம் பணிவையே சுட்டும். பரிசு பெற்றவர் தன்னடக்கத்தோடு நன்றி கூறினார் என்றே நாளிதழ் எழுதும். அப்பொருளில் குடியரும் தன்னடக்கம் உடையவரே! (குமரி மாவட்டச் சபையாருக்கோ 'அடக்கம்' என்றவுடன் கல்லறைத் தோட்டமே நினைவில் வரும்.)

மூலச்சொல்லின் வேர் 'கிராத்தோஸ்', அதாவது வலிமை, ஆளுகை. தன்னை ஆளும் வலிமை என விரித்துரைப்பதே தகும். நம் பிரசங்கங்கள் இதைக் குடி ஒன்றிற்கே சுருக்கிவிட்டன என்பது என் குற்றச்சாட்டு. அருமனைப் பகுதியில் ரப்பர்ப் பால்வெட்டும் தொழிலாளி மாலையில் மதுக்கடைக்குச் செல்வதைக் கண்டிக்கிறோம். கலியாண விருந்தில் சர்க்கரை நோயை மறந்து மூன்றாம் முறை பாயசம் கேட்கும் மூப்பரைப் பார்த்துப் புன்னகைக்கிறோம். நீதிமொழிகள் 23 மதுப்பிரியரையும் பெருந்தீனிக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. எனினும், போஜனப்பிரியன் என ஏசப்பட்டவர் நம் ஆண்டவரே ஆதலால், விருந்தையே பழித்தல் கூடாது.

'அடக்கு' என்னும் கட்டளை அடிமைப்பட்டவனைத் தனித்துவிடுகிறது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும், சிலவேளை மரணமும் நேரக்கூடும். அவனுக்கு மருத்துவமும் துணையும் தேவை. கஞ்சாவிலும் மாத்திரைகளிலும் சிக்கிய இளைஞருக்கும் வெறும் கண்டனம் உதவாது. பவுல் இப்பண்பை மனித முயற்சியின் பட்டியலில் வைக்கவில்லை. ஆவியின் கனியில் வைத்தார். ரோமர் 14இல், சகோதரன் இடறாதபடிக்கு இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டுவிடுவதையே நன்மை என்கிறார். இங்கு என் கட்டுப்பாடு பிறனுக்காக ஏற்கப்படுகிறது.

இதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அருமனைக்குச் சேய்மையில் இல்லாத, மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் மதுக்கடையொன்றை அகற்றக் கோரி, 2015 ஜூலை 31 அன்று கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர்நீத்தார். அவர் சேலத்துக்காரர்; நம் சபையினருமல்லர். அவரது சாவின் முறையைப் போற்றத் தயங்குவோர் உளர், யானும் தயங்குகிறேன். ஆயினும் அக்கடையின் வாடிக்கையாளருள் நம் ஞாயிறு ஆராதனைக்கு வருவோரும் இருந்திருப்பர். அவர்களை நாம் மேடையிலிருந்து அடங்கச் சொன்னோம். அவரோ கடையை மூடச் சொன்னார்.