தாளமில்லா ஓதலும் சொல்லின் அளவும்

பேச்சு வேறு, பாட்டு வேறு என்பது பலர் எண்ணம். இரண்டற்கும் இடைப்பட்ட முறையொன்று தமிழில் தொன்றுதொட்டு உண்டு. தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்பர்; தாளமின்றிச் சொல்லின் நடையையே அளவாகக் கொண்டு ஓதுவதைச் சுத்தாங்கம் என்பர். அப்பரடிகளின் திருத்தாண்டகத்தை அரிகாம்போதியில் சுத்தாங்கமாக ஓதுவது ஓதுவார் மரபு.

மேலைநாட்டாரும் இம்முறையை நாடினர். 1600-இல் புளோரன்சில் அரங்கேறிய 'யூரிடிசி' என்னும் இசை நாடகத்தின் முன்னுரையில், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவான ஒன்றைத் தேடியதாக யாக்கப்போ பேரி கூறுகிறார். இயேசுவின் பாடுகளைப் பாக் இசையாக்கியபோதும், மத்தேயுவின் கதையைச் சொல்பவர் பேசுவதுபோலவே பாடுகிறார். கதை விளங்க வேண்டிய இடத்தில் இசை சொல்லுக்கு வழிவிடுகிறது.

நம் சுத்தாங்கத்தின் பயனும் அதுவே. ஆனால் இன்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் கோயில் மேடைகளில் மாணவர் ஓதுவதைக் கேட்பார்க்கு ஒரு குறை புலப்படும். குரல் இனிது, சுருதியும் சேர்கிறது. எனினும், தாளம் இல்லையென்றால் அளவும் இல்லையெனச் சிலர் கருதிவிடுகின்றனர். சொல்லின் நடுவே நிறுத்தி இராகத்தை விரிக்கின்றனர். 'மலை' நீண்டு 'மாலை' ஆகிறது. 'விடு' நீண்டு 'வீடு' ஆகிறது.

இசையில் எழுத்து தன் மாத்திரை கடந்து ஒலிக்கும் என்று தொல்காப்பியர் நூன்மரபில் கூறவில்லையா எனச் சிலர் வினவலாம். கூறியது உண்மையே. எங்கே நீட்டுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. நெட்டெழுத்தில் நீட்டலாம், பொருள் முடியும் இடத்தில் நின்று இராகத்தை விரிக்கலாம். குற்றெழுத்தை நீட்டினால் சொல்லே வேறாகும். தாளம் விலகிய இடத்தில் மாத்திரையே அளவுகோல்.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க இராசராசன் 48 பிடாரரை அமர்த்தினான். அவர்களுடன் உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். சொல்லுக்கு அந்நாளில் இருந்த இடம் இதனால் விளங்கும்.

வீட்டுக்கு வெளியே தமிழ் கேளாத பிள்ளைகள் இந்நாட்டில் பலர். பழந்தமிழை அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் வாய்ப்பு திருமுறை ஓதலே. அங்கும் சொல் சிதைந்தால் ஓசை மட்டுமே மனத்தில் நிற்கும். எனவே, முதலில் பாட்டை உரைநடைபோல் படிப்பிக்க. சீரும் நிறுத்தமும் பொருளும் தெளிந்தபின் பண்ணைக் கற்பிக்க. போட்டி நடுவரும் குரலினிமைக்கு முன் சொற்றெளிவை நோக்குதல் நன்று. ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கருதுவாராக.