திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்?

பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து ஓரிடத்தில் கிராமம் போல நிறுத்தும் வழக்கம் ஸ்வீடனிலிருந்து வந்தது. 1891-ல் ஆர்தர் ஹஸேலியஸ் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்ஸென் காட்சிசாலையைத் திறந்தார். தொழிற்சாலைகள் பெருகி, ஜனங்கள் கிராமத்தை விட்டுக் கிளம்பிக் கொண்டிருந்த காலம் அது. குடியானவன் வீட்டைக் காலி செய்த பிறகுதான் நகரத்தானுக்கு அதன் மேல் பிரியம் வருகிறது போலும்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். தெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சி. அமைப்பில் லாரி பேக்கரின் கை உண்டு. இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, தூணும் உத்திரமும் கதவுமாகப் பிரித்து எடுத்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். சிரத்தையான காரியம். அந்த வீடுகளைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. அவற்றைப் பார்க்க நம் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைத் தயார் செய்கிற விதம்தான் உறுத்துகிறது.

ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக நானும் ஒரு முறை போயிருந்தேன். ஆளுக்கொரு அச்சடித்த கேள்வித்தாள். செட்டிநாட்டு வீட்டில் எத்தனை தூண்கள்? முற்றத்தின் பயன்கள் மூன்று எழுதுக. பிள்ளைகள் எண்ணினார்கள், எழுதினார்கள். பர்மாத் தேக்கு செட்டிநாட்டுக்கு எப்படி வந்தது, பர்மாவில் வட்டிக் கடை வைத்தவர்களுக்கு 1942-ல் ஜப்பானியர் வந்தபோது என்ன ஆயிற்று, இவ்வளவு பெரிய வீடுகளை வாரிசுகள் ஏன் விற்றார்கள்? இவற்றில் ஒரு நாவலே இருக்கிறது. கேள்வித்தாளில் ஒரு வரி கூட இல்லை.

அக்ரகாரத்து வீட்டு வாசலில் ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், இந்தத் திண்ணையில யாரு வேணும்னாலும் உட்காரலாமா?"

"உட்காரலாம்மா. வழிப்போக்கருக்காகத்தானே கட்டினது" என்றார் ஆசிரியை.

நல்ல மனதோடு சொன்ன பாதி உண்மை. திண்ணை வழிப்போக்கருக்குத்தான், ஆனால் அந்த வழியில் போகவே எல்லாருக்கும் அனுமதி இருந்ததா? கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1924-ல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று வீட்டைப் பிரித்ததே யார் எதுவரை வரலாம் என்ற கணக்கில்தான். வீடு அதை ஒளிக்கவில்லை. சுவர்களைக் கொஞ்சம் நின்று பார்த்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கே புரியும். இதையெல்லாம் சொன்னால் பிள்ளை மனம் கெட்டுவிடும் என்பார்கள். என் அபிப்பிராயம், பெரியவர்களுக்குத்தான் சங்கடம். "நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள்" என்ற வாக்கியம் சௌகரியமாயிருக்கிறது. கக்கூஸ் எங்கே என்று ஒரு பையன் கேட்டதற்குக்கூட எல்லாரும் சிரித்தார்களே தவிர, பதில் சொல்லவில்லை. உண்மையில் அன்று கேட்ட கேள்விகளில் அது மிக நல்ல கேள்விகளில் ஒன்று; அதற்குப் பதில் தேடினால் கொல்லைக்கு அப்பால் ஒரு சந்தும், அந்தச் சந்தில் வந்து போன மனிதர்களும் தெரிவார்கள்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது மண்பாண்டம்தான். கையெல்லாம் களிமண். சக்கரத்தின் முன்னிருந்த பெரியவரிடம் அதே சிறுமி, "தாத்தா, உங்க பையனும் பானை செய்யறாரா?" என்றாள்.

"இல்ல பாப்பா. அவன் ஏசி மெக்கானிக்" என்றார் அவர், சக்கரத்தை நிறுத்தாமல்.

சக்கரம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதுதான் தாளில் இருந்த கேள்வி. அவள் அதற்கு விடை எழுதிவிட்டு, ஓரத்தில் இருந்த காலி இடத்தில் பொடி எழுத்தில் இதையும் எழுதிக் கொண்டாள்.